புதுப்பேட்டையில் அப்பாவின் புல்லட்டுக்கு ஒரு மீட்டர்!

எங்கள் வீட்டு புல்லட்டுக்கு என்னைவிட வயது அதிகம். 1986 மாடல், 350 சிசி. இரண்டு வருடங்களாக அதன் ஸ்பீடோமீட்டர் முள் சீரோவிலேயே படுத்துக் கிடந்தது. "சத்தத்தை வச்சே வேகம் சொல்லிடுவேன்" என்பார் அப்பா. போன மாதம் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் பின்சீட்டிலிருந்து நான் பறந்து விழாத குறை. அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: "பழைய மீட்டர்தான் வேணும்!"

சென்னையில் பழைய வண்டிக்குப் பழைய பார்ட்ஸ் என்றால் புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கடை வாசல்களில் கார் கதவுகள் கொடியில் காயும் சட்டை மாதிரி தொங்குகின்றன. இன்ஜின் மேல் இன்ஜின். ஆயில் குடித்துக் கறுத்த தரை. நடுவில் ஒரு டீக்கடை, அங்கேயும் பெஞ்சுக்குக் கால் வண்டி ரிம்தான்.

மீட்டர் கடைப் பெரியவர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "செத்தது மீட்டரா, கேபிளாம்மா?"

எங்களுக்குத் தெரியவில்லை. மேல்பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். உள்கம்பி ஜோராகச் சுழன்றது. "மீட்டர்தான்."

கேபிள் சுற்றும்போது மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றும். அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தை அந்தக் காந்தம் இழுக்கும். கிண்ணத்தோடு முள் நகரும், மெல்லிய ஸ்பிரிங் அதைப் பின்னால் பிடிக்கும். இந்த இழுபறிதான் நாம் பார்க்கிற வேகம்.

அப்பா அதற்குள் பளபளவென ஒரு மீட்டரை எடுத்து, ஹெட்லைட் மேலுள்ள ஓட்டையில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பெரியவர் சிரித்தார். "உட்கார்றதெல்லாம் பொருத்தம் இல்ல சார்."

டயரில் சாக்பீஸ் கோடு போட்டார். கேபிள் முனையில் துண்டு டேப் ஒட்டினார். சக்கரம் ஒரு சுற்று, டேப் இரண்டு சுற்று. டயர் ஒருமுறை உருண்டால் சுமார் 2 மீட்டர். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 500 உருளல், கேபிளுக்கு 1,000 சுற்று. பல பழைய மீட்டர்களின் டயலில் இந்த எண் பொடியாக அச்சிட்டிருக்கும். அப்பா எடுத்ததில் 1,400. அதை மாட்டியிருந்தால், வண்டி 60-ல் பறக்கும்போது முள் சாதுவாக 43 காட்டும்!

1600 என்று போட்ட ஒரு இங்கிலாந்து ஸ்மித்ஸ் மீட்டரும் இருந்தது. அது ஒரு மைலுக்கான கணக்கு, கிலோமீட்டருக்கு மாற்றினால் ஏறக்குறைய அதே 1,000தான். ஆனால் முகப்பே மைலில் இருப்பதால் 60 கிலோமீட்டர் வேகத்தை 37 என்று காட்டும். அழகாக இருந்தது, மனசில்லாமல் திருப்பி வைத்தோம்.

கடைசியில் 1,000 சுற்று மீட்டர் ஒன்று கிடைத்தது. கேபிள் நட்டின் மரை, முனையின் சதுரம், 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பல்ப், எல்லாம் பார்த்தார். அப்பா பேரம் பேசினார். விலையைச் சொன்னால் அம்மா படித்துவிடுவார். பழைய பொருளாக இருந்தாலும் பில் கேட்டு வாங்குங்கள், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ!

சிக்கல் அப்புறம்தான். புதிதாக வாங்கியதில் 24,090 கிலோமீட்டர். எங்கள் பழையதில் 78,316. "அதே நம்பரை இதுல ஏத்தித் தரவா?" என்றார் பெரியவர்.

அப்பா பதில் சொல்லவில்லை. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த கிலோமீட்டர் அதில் இருக்கிறது. ஆனால் நம்பரை மாற்றிவிட்டால், நாளை வண்டியை வாங்குபவருக்கு எதை நம்பச் சொல்வது? "வேணாங்க" என்றவர், ஆர்சி புக் உறைக்குள் ஒரு சீட்டில் இரண்டு எண்களையும் தேதியையும் எழுதி வைத்தார். பழைய மீட்டரைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு, விடிகாலை மெரினா காமராஜர் சாலை. பின்சீட்டில் ஜிபிஎஸ் ஓடும் போனோடு நான். "பார்க்காம சொல்லுங்கப்பா, இப்ப என்ன வேகம்?"

"நாற்பது" என்றார், ரோட்டிலிருந்து கண் எடுக்காமல்.

போனில் 52. எட்டிப் பார்த்தேன், முள் 54-ல் நின்றது. அப்பாவும் குனிந்து பார்த்தார். ஆக்ஸிலேட்டர் தானாகத் தளர்ந்தது. கலங்கரை விளக்கம் வரை பேச்சே இல்லை.

"மீட்டர்ல ஏதோ தப்பு இருக்கு" என்றார்.