இன்னும் ஒரு வருடம்

"கம்பஸ் முடிஞ்சுது. இனியும் ஒரு வருசம் பொறு எண்டு சொல்லுறியே அக்கா?" என்று தங்கை ரெலிபோனில் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மகளுக்கு 26 வயதாகிவிட்டது. 2009இல் தகப்பனை இழந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு செட்டிகுளம் முகாமுக்குப் போன பிள்ளை அவள். பின்னர் கொரோனாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் பல்கலைக்கழகப் படிப்பை இழுத்தடித்தன. இப்போதுதான் விலங்கியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் கையில் கிடைத்திருக்கிறது. உத்தியோகம், கலியாணம் என்று தாய் யோசிப்பது பிழையா?

ஆனால் பிள்ளையின் மனதில் வேறொரு கேள்வி. "வெடிச் சத்தம் கேட்டால் அம்மா இப்பவும் ஏன் நடுங்குறா, பெரியம்மா?" என்று சிறுவயதிலேயே என்னிடம் கேட்டவள். மூளையைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெறவேண்டும் என்பது அவளது ஆசை.

1995 இடப்பெயர்வோடு என் பட்டப்படிப்பு பாதியில் நின்றது. அமெரிக்காவுக்கு வந்த பின், பல்கலைக்கழகமொன்றின் மூளை ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே எலிகளுக்கு ஒரு சத்தத்தையும் சிறு மின்அதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பிறகு அந்தச் சத்தம் மட்டும் கேட்டாலே எலி அசையாமல் உறைந்து நிற்கும். முதன்முதல் அதைப் பார்த்த அன்று எனக்கு எங்கள் பங்கர்தான் ஞாபகம் வந்தது. அதிர்ச்சி இல்லாமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் எலியின் பயம் குறைகிறது. ஆனால் பழைய நினைவு அழிவதில்லை. 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதுப் பாடத்தை மூளை அதன் மேல் படிக்கிறது. தங்கையின் நடுக்கம் அவளுடைய பலவீனம் அல்ல என்பதை நான் அங்கேதான் விளங்கிக்கொண்டேன்.

அந்த ஆய்வுகூடத்துக்கு ஒவ்வொரு கோடையிலும் பட்டம் முடித்த பிள்ளைகள் சிலர் வருவார்கள். நேரே கலாநிதிப் படிப்புக்குப் போகாமல், ஓரிரண்டு வருடம் சம்பளத்துக்கு வேலை செய்து பழகுவார்கள். புத்திசாலிப் பிள்ளைகள்தான், ஆனால் பரீட்சை எழுதுவது வேறு, ஆராய்வது வேறு. நடந்ததையெல்லாம் திகதி போட்டுக் கொப்பியில் எழுதவேண்டும். பிழைத்ததை மறைக்கக் கூடாது. எந்த எலிக்கு எந்தச் சிகிச்சை என்று அறியாமலே கலங்களை எண்ணவேண்டும். அறிந்தால் கண் விரும்பியதையே எண்ணும். கிழமைக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையாவது வாசிக்கவேண்டும். புள்ளிவிபரவியலும் கொஞ்சம் கணினி நிரலாக்கமும் வேண்டும்.

ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் மூன்று மாதம் பாடுபட்டுத் தயாரித்த மூளைத் துண்டுகள் ஒரே இரவில் காய்ந்து பழுதாகின. "நான் இதுக்கு லாயக்கில்லை" என்று அழுதாள். ஏன் பிழைத்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். எழுதினாள், திரும்பவும் செய்தாள். நேர்முகத் தேர்வில் அவள் பேசியதும் அதைப் பற்றித்தான். இடம் கிடைத்தது.

அவளுக்கு நான் ரீற்றா லெவி-மொன்டல்சினியின் கதையைச் சொன்னேன். 1938இல் இத்தாலியில் யூதர்களுக்கு எதிரான சட்டம் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கியது. யுத்தத்தின் நடுவே அவர் தன் படுக்கையறையை ஆய்வுகூடமாக்கி, கோழி முட்டைக் கருக்களில் நரம்புகள் வளர்வதை ஆராய்ந்தார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கினார். குண்டுவீச்சு வந்தபோது கிராமத்துக்கு இடம்பெயர்ந்து அங்கும் தொடர்ந்தார். 1986இல் நோபல் பரிசு பெற்றார். போன வருடங்களை அவர் வீணாக விடவில்லை.

தங்கைக்கு இதையெல்லாம் விளக்கினேன். அமெரிக்காவில் நரம்பியல் கலாநிதிப் படிப்பு ஐந்தாறு வருடம். இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணம் இல்லை, செலவுக்குப் பணமும் தருவார்கள். முதுமாணிப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். பிள்ளையின் வேலையைக் கண்ணால் கண்டவர் எழுதும் கடிதத்துக்குத்தான் பெறுமதி. வகுப்பில் மட்டும் கண்ட விரிவுரையாளர் எதை எழுதுவார்? அதற்காகத்தான் ஊரிலேயே ஓர் ஆய்வில் ஒரு வருடம் உதவியாளராக நிற்கச் சொன்னேன்.

"உனக்கென்ன, அங்கையிருந்து சொல்லுவாய். இடம் கிடைக்காட்டி?" என்றாள்.

கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. "கிடைக்காட்டியும் படிச்ச வேலை கையில இருக்கும்" என்றேன்.

இரண்டு நாளின் பின் அவளே எடுத்தாள். "ஒரு வருசம்தான். சம்பளமும் இருக்கவேணும்" என்றாள். பிள்ளை ஓர் ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள். சம்பளம் சிறியதுதான். பெரும்பாலான விண்ணப்பங்கள் டிசெம்பர் தொடக்கத்தில் முடிகின்றன. அதற்குள் ஆங்கிலப் பரீட்சையும் எழுதுவாள்.

சகோதரிகளே, எங்களிடமிருந்து யுத்தம் வருடங்களைப் பறித்தது. அதனால் பிள்ளை ஒரு வருடம் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. பறிபோன வருடம் வேறு, பிள்ளை தானாகக் கேட்டு எடுத்து, உழைத்துப் பழகும் வருடம் வேறு. முடிந்தால் அதைக் கொடுங்கள்.