லாரி நாள் சாண்ட்விச்

நாங்கள் அதை சாண்ட்விச் என்று சொன்னதில்லை. "பிரெட்டுக்கு நடுவுல பொடி" என்றுதான் பெயர். ஒரு துண்டு மாடர்ன் பிரெட், அதன்மேல் நல்லெண்ணெயில் குழைத்த இட்லி மிளகாய்ப் பொடி, மேலே இன்னொரு துண்டு. (அரசு நிறுவனமாக இருந்த மாடர்னை 2000-இல் இந்துஸ்தான் லீவருக்கு விற்றுவிட்டார்கள். எங்கள் கடைக்காரர் அதற்குப் பிறகும் 'கவர்மெண்ட் பிரெட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.) மதியம் டப்பாவைத் திறந்தால் எண்ணெய் ஊறி வெள்ளையெல்லாம் செம்மஞ்சளாகியிருக்கும். எள் வாசனை வகுப்பு முழுக்கப் பரவும். வெள்ளரிக்காய் வைத்து முக்கோணமாக வெட்டிக் கொண்டுவரும் தோழிகள் என்னிடம் மாற்றிக்கொள்ள வருவார்கள். இன்றைக்கும் எனக்கு அதற்கு மேல் ஒரு சாண்ட்விச் கிடையாது.

தண்ணீர் லாரி வரும் நாட்களில் மட்டும்தான் அது கிடைக்கும். 2003, 2004. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. லாரி விடியற்காலை நாலு மணிக்கும் வரும், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்திலும் வரும். ஹாரன் கேட்டால் பெண்கள்தான் ஓடுவோம். எனக்குப் பத்து வயது. இடுப்பில் பிளாஸ்டிக் குடம், கையில் வாளி. அண்ணன் "படிக்கிறான்".

பிரெட் தண்ணீர் கேட்காத சாப்பாடு. அரிசி களைய வேண்டாம், கிரைண்டர் கழுவ வேண்டாம், குக்கர் வேண்டாம், தட்டுகூட வேண்டாம். அம்மா கணக்குப் போட்டுத்தான் செய்தாள். ஆனால் எங்கள் வீட்டில் பிரெட் என்றால் காய்ச்சல்காரர்களுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது. பாக்கெட்டைப் பார்த்ததும் பாட்டி கேட்பாள்:

"யாருக்கு ஜுரம்?"

"எனக்குத்தான் அத்தை," என்பாள் அம்மா, குடத்தை இறக்கிக்கொண்டே.

அப்பாவுக்கு மட்டும் லாரி நாளிலும் சோறு. பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். பிரெட் கட்டிக்கொண்டு போனால் அங்கே என்ன நினைப்பார்கள் என்று பாட்டிக்குக் கவலை. அப்பாவும் மறுத்துச் சொன்னதில்லை. நாங்கள் தூக்கிவந்த எட்டுக் குடத்தில் முழுசாக ஒரு குடம் அவருடைய சோறு, சாம்பார், பொரியல், பிறகு அந்தப் பாத்திரங்கள் என்று போய்விடும். சீட்டாட்டத்தை விட்டு எழ மனமில்லாத ஓர் ஆங்கிலேயப் பிரபு கேட்டு வாங்கித் தின்றதுதான் சாண்ட்விச் என்று கதை சொல்வார்கள். அம்மா தன்னுடையதை உட்கார்ந்து தின்று நான் பார்த்ததில்லை. மெப்ஸில் தையல் வேலை. ஷிப்டுக்கு நடந்துகொண்டே தின்பாள்.

2004-இல் வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்தது. தாம்பரம் அப்போது தனி நகராட்சி. எங்கள் தெருவுக்கு லாரிதான்.

2019 ஜூனில் ஏரிகள் மறுபடி வற்றியபோது அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பா ரிடையராகி வீட்டில் இருந்தார். எனக்குப் போன் செய்து, வரும்போது ரெண்டு பாக்கெட் பிரெட் வாங்கி வரச் சொன்னாள். "அப்பாவுக்கு?" என்றேன். "அவருக்கும் சேத்துதான் ரெண்டு."

அப்பா ஒரு கடி கடித்துவிட்டு, பொடியில் உப்பு கம்மி என்றார். அம்மா உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, தன்னுடையதை எடுத்தாள்.