நாலு கிலோ விதைக்கடன்

2015இல் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கினேன். அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தரவில்லை. கேட்டபோது பொய் சொன்னேன். இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அந்தத் திருவிழாவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் காட்டிய வழியில் நெல் ஜெயராமன் 2006இல் ஆதிரெங்கத்தில் தொடங்கி வைத்தது அது. எல்லா மாவட்டத்திலிருந்தும் விவசாயிகள் வருவார்கள். தட்டுத் தட்டாக நெல்லைக் குவித்துப் பெயர்ச் சீட்டு குத்தி வைத்திருப்பார்கள். காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான், கருங்குறுவை, தூயமல்லி, கிச்சலிச் சம்பா. என் தாத்தா வாயில் கேட்டு, பிறகு எங்கும் கேட்காமல் போன பெயர்கள். நான் அங்கே போனபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. பிறந்ததிலிருந்து பாமணியாற்றுத் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். ஆனால் குழியடிச்சானை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் அள்ளிப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் பொய் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு.

விதைக்குக் காசு கிடையாது. இரண்டு கிலோ வாங்கினால் மறு ஆண்டு நாலு கிலோ கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்த நாலு கிலோ வேறு இரண்டு பேருக்குப் போகும். அவர்கள் தருவது நாலு பேருக்கு. எல்லாரும் சொன்ன சொல் தவறாமல் இருந்தால், ஒருவன் வாங்கிய இரண்டு கிலோ பத்து ஆண்டில் 1,024 பேர் கைக்குப் போய்ச் சேரும். ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து மீட்ட 174 ரகமும் இப்படிக் கை மாறித்தான் பிழைக்க வேண்டும். கிடங்கில் பூட்டியே வைத்தால் விதைநெல் நாளடைவில் முளைப்புத் திறனை இழந்துவிடும். அவ்வப்போது அது வயலில் இறங்கியாக வேண்டும். நான் அறுத்தது அந்தச் சங்கிலியை.

ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் திறந்தது. ஆவணியில் நாற்றங்கால் போட்டு, புரட்டாசியில் இரண்டு மா நிலத்தில் ஒற்றை நாற்றாக நட்டேன். பக்கத்திலேயே சி.ஆர். 1009 ரக நெல். விதை கொடுத்தவர்கள் உரக்கடைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் சி.ஆர். கருகருவென்று தூர் கட்டி நிற்க, இது வெளிறித் தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. போகிற வருகிறவர்களெல்லாம், "என்னப்பா, பயிர் சோகை பிடிச்சாப்ல இருக்கு" என்றார்கள். ஒரு சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து யூரியாவை வீசினேன். களைக்கொல்லியும் அடித்தேன். ஆள் கூலி மிச்சம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரத்துக்கு வளரக்கூடிய பயிர். அதற்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் தண்டு மெலிந்து மேலே ஓடும், கதிர் கனத்ததும் தாங்காது. பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். முக்கால்வாசி வயல் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது.

களைக்கொல்லியின் வேலையை நான் கவனிக்கக்கூட இல்லை. எங்கள் வயலில் களையெடுக்க வருகிற பெண்கள் கரையேறும்போது மடியில் கீரை கட்டிக்கொண்டு போவார்கள். தண்ணீரில் நாலு இலை விரித்து நிற்கும் ஆரைக்கீரை, வரப்பில் பொன்னாங்கண்ணி, வாய்க்கால் ஓரத்து வல்லாரை. ஐப்பசி மழை விழுந்தால் நண்டும் நத்தையும் இருக்கும். அம்மா வயல் நண்டை அம்மியில் வைத்து இடித்துப் பிழிந்து, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைப்பார். சளிக்கு எங்கள் வீட்டு மருந்து அது. யாரும் விதைக்காமல், யாரும் விலை சொல்லாமல் வயல் தந்த சாப்பாடு. கூலி குறைந்த நாளிலும் அந்தப் பெண்களின் வீட்டில் குழம்பு கொதித்ததற்கு அந்த மடிக்கீரையும் ஒரு காரணம். அதைத்தான் நான் மருந்தடித்து எடுத்துவிட்டேன். தை மாதம் அவர்களில் மூத்த அம்மா ஒருவர் வரப்பில் நின்று, "ஏன் தம்பி, வயல்ல ஆரையே காணோம்?" என்று கேட்டார். "இந்த வருஷம் தண்ணி சரியில்லம்மா" என்றேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

சாய்ந்த பயிரிலும் விதை இருந்தது. வயலுக்கு நடுவே ஒரு சென்ட் அளவு நிமிர்ந்தே நின்றது. கலவனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதை மட்டும் அரிவாளால் அறுத்து, களத்தில் தட்டிக் காயவைத்து, நொச்சி இலை போட்டுக் கட்டியிருந்தால் நாலு கிலோவுக்கு மேலேயே தேறியிருக்கும். தாத்தா காலத்தில் விதைக்கென்று வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டுவார்கள். பஞ்சத்திலும் அதில் கை வைக்க மாட்டார்கள். நடுவயலை அறுத்து எடுப்பது எனக்கு அரை நாள் வேலைதான். சி.ஆர். அறுக்க பெல்ட் அறுவடை வண்டி வந்திருந்தது. வாடகை மணிக்கணக்கு. ஓட்டுகிறவர், "இதையும் சேத்து அடிச்சிரவா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொட்டிய குவியலில் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். வெள்ளை அரிசிக்கு நடுவே சிவப்பு அரிசி. இனி இரண்டையும் யாராலும் பிரிக்க முடியாது. கலப்பு நெல் என்று விலையைக் குறைத்துத்தான் வியாபாரி எடுத்துக்கொண்டு போனார்.

மறு ஆண்டு திருவிழாவுக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம், ஆனால் அங்கே கிடைக்கிற மரியாதை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. பதிவேட்டை வைத்துக்கொண்டிருந்த இளைஞர், "அண்ணே, போன வருஷ விதை கொண்டாந்தீங்களா?" என்றார். "கார்த்திகை மழையில எல்லாம் போச்சு தம்பி" என்றேன். அந்த மழையில் உண்மையாகவே பயிரை இழந்தவர்கள் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். அவர்கள் பட்ட நஷ்டத்தை என் பொய்க்குப் பயன்படுத்திக்கொண்டேன். இந்த வரியை எழுதும்போதுதான் கை அதிகமாகக் கூசுகிறது. அந்த இளைஞர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "பரவால்லண்ணே, இந்த வருஷம் வேற ரகம் தரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

2018 நவம்பர் 16 கஜா புயல். எங்கள் ஊரில் தென்னை ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. இருபது நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, புற்றுநோயில் நெல் ஜெயராமன் இறந்துபோனார். மின்சாரம் முழுதாக வந்து சேராத வீட்டில் அந்தச் செய்தியைக் கேட்டேன். ஒரு மனிதர் 174 ரகத்தைத் தேடிச் சேர்த்திருக்கிறார். அவர் என்னைப் போன்றவர்களிடம் கேட்டது ஆளுக்கு ஒரு ரகம், நாலு கிலோ.

இந்தச் சம்பாப் பருவத்துக்கு வெளியூர் நண்பர் ஒருவரிடம் விதை வாங்கி ஒரு மாவில் மாப்பிள்ளைச் சம்பா நட்டிருக்கிறேன். யூரியா போடவில்லை. களைக்கு ஆள்தான் இறக்கினேன். வரப்பில் பொன்னாங்கண்ணி தலைகாட்டுகிறது. ஆரையை இன்னும் காணவில்லை.

என்னைப் போல விதை வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தையில் வண்டியை வயலில் இறக்குவதற்கு முன்னால், நடுவயலில் ஒரு சென்ட்டைக் கையால் அறுத்து எடுத்து வையுங்கள்.