பெல்ட்டை எதில் மாட்டுவது?

கை கால் முறிந்தால் புத்தூருக்குப் போ என்பது தமிழ்நாட்டில் பல ஊர்களில் முதலில் வரும் யோசனை. சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கும் இந்த ஊர் 2022-இல் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. பக்கத்து ராச்சபாளையத்தில் ஒரு குடும்பத்தார் தலைமுறைகளாகப் பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி ஆகியவற்றால் கட்டுப் போடுகிறார்கள். அந்த வைத்தியத்தை எடைபோட நான் வரவில்லை. கட்டடச் சாரத்தில் நிற்பவருக்கு எந்தக் கட்டும் தேவைப்படாமல் போக என்ன வழி என்பதே என் கேள்வி. மண்டையோ முதுகுத்தண்டோ அடிபட்டவரை அசைக்காமல் நேரே திருப்பதி ருயா போன்ற பெரிய மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தப்பைக்கு அங்கே வேலையில்லை.

சேஃப்டி பெல்ட் போட்டால் போதும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பக்கம் அதிகம் எழும்புவது ஒன்று, இரண்டு மாடி வீடுகள். 3 மீட்டரிலிருந்து விழுபவர் முக்கால் நொடியில் தரையைத் தொடுவார். வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். முழு உடல் பெல்ட்டின் கயிறு ஏறக்குறைய 1.8 மீட்டர். கொக்கியைக் காலடியில் மாட்டியிருந்தால் கயிறு இறுகுவதற்குள் முதுகில் அது பிணையும் வளையம் அத்தனை தூரமும் கொக்கிக்குக் கீழே போய்விடும். அதிர்ச்சியைத் தாங்கும் பட்டை பிரிந்து நீள்வது ஒரு மீட்டர் அளவு. முதுகு வளையத்துக்குக் கீழே தொங்கும் உடல் இன்னும் ஒன்றரை. கூட்டினால் 4 மீட்டருக்கு மேல். முதல் தளத்து உயரத்தில் நிற்பவரை அந்த பெல்ட் தரைக்கே அனுப்பிவைக்கும். தலைக்கு மேல் மாட்டினால் கணக்கு மாறும். ஆனால் மேலே என்ன இருக்கிறது? கயிற்றால் பிணைத்த சவுக்குக் கம்பு, விழும் ஆளின் இழுப்பைத் தாங்குவதற்காக நட்டதல்ல. வெறும் இடுப்பு பெல்ட் இன்னும் மோசம்: விழுந்தவரின் வயிற்றையும் முதுகையும் அதுவே நொறுக்கும் என்பதால்தான் விழுபவரைத் தாங்க அதைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998-இல் தடைசெய்தது.

ஆகவே தாழ்ந்த கட்டடத்துக்கு முதல் பாதுகாப்பு சாரத்திலேயே இருக்க வேண்டும்: இடைவெளியில்லாத பலகை, இடுப்பு உயரக் கைப்பிடிக் கம்பு, நடுவில் இன்னொன்று, ஏறி இறங்கச் சரியான ஏணி. சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது கீழே விரித்த வலை 19 பேரைக் காப்பாற்றியது. அவர்களில் யாரும் எதையும் மாட்ட நினைவு வைத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1937 பிப்ரவரியில் சாரமே பெயர்ந்து வலையைக் கிழித்துக்கொண்டு விழ, 10 பேர் இறந்தார்கள். வலையும் சாரத்தின் உறுதியை நம்பித்தான் இருக்கிறது.

கொடுத்தாலும் ஆட்கள் போடுவதில்லை என்பார் மேஸ்திரி. உண்மைதான். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குபவர் அடிக்கொருதரம் கொக்கியைக் கழற்றி மாட்ட மாட்டார். கைப்பிடிக் கம்புக்கு அவர் சம்மதமே வேண்டியதில்லை. செலவு கட்டுப்படியாகாது என்பார் வீட்டுக்காரர். இந்த வாதத்துக்குச் சட்டமும் துணைபோனது: 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் 10 பேருக்குக் குறைந்த இடங்களையும், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையையும் விட்டுவிட்டது. ஆனால் கூடுதலாகத் தேவைப்படுவது சில கம்பும் பலகையும்தான். வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். வீடு கட்டப் போகிறவர்கள் கம்பி, சிமெண்டு விலை பேசும்போதே சாரத்தின் பலகையையும் கைப்பிடியையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அவை நிற்காதவரை யாரையும் மேலே ஏற்றாதீர்கள்.