லேக் வியூ ரோடு... லேக் எங்கேப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவுக்குப் போயிருந்தேன். நீங்கள் போனதில்லையா? ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரம்தான். 16 ஏக்கர் ஏரி. 2016-ல் பூங்காவாகத் திறந்தார்கள். சுற்றி வர நடைபாதை, படகு, தூண்டில் போட ஒரு மேடை. அந்த மேடையில் ஒரு பெரியவர் தக்கையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரை மணி கழித்து வந்து பார்க்கிறேன், அதே முறைப்பு!

இந்தச் சேத்துப்பட்டு லேசுப்பட்ட இடமில்லை. ஹைகோர்ட்டைக் கட்டிய காண்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார் வாழ்ந்த ஏரியா. கணிதமேதை ராமானுஜன் 1920-ல் கண்மூடியதும் இங்கே அவருக்குச் சொந்தமான வீடு ஒன்றில்தான்.

பெடல் படகில் நானும் மகளும். மிதிப்பது நான், கேள்வி கேட்பது அவள்.

"நம்ம தெரு பேர் லேக் வியூ ரோடுதானே? லேக் எங்கேப்பா?"

மேற்கு மாம்பலத்தில் இருபது வருஷமாக இருக்கிறேன். போஸ்ட்மேன்கூட கேட்காத கேள்வி! சொன்னேன். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரே நீள ஏரி இருந்தது. வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பேரே 'லாங் டேங்க்'. 1920-களில் தண்ணீரை வடித்து தி.நகர் போட்டார்கள். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கிற இடமெல்லாம் ஏரி. நுங்கம்பாக்கத்தில் மிச்சமிருந்த தண்ணீரும் போய், 1976-ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. நம்ம தெரு, ஏரியை வேடிக்கை பார்த்த கரை.

"அதான் 2015-ல நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அப்போது அவள் கைக்குழந்தை. யாரோ சொல்லித் தெரிந்துவைத்திருக்கிறாள்.

விஷயம் என்னவென்றால், அந்த கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டை விற்கப்போகிறேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் பார்ட்டி வருவதாக ஏற்பாடு. "தண்ணி மேட்டரை நீங்களா எடுக்காதீங்க சார், ரேட் அடிபடும்" என்று புரோக்கர் ஏற்கெனவே பாடம் நடத்தியிருந்தார். நானும் பி.காம். படித்தவன். சுவரில் கறை தெரிந்த உயரம் வரைக்கும் பெயின்ட் அடித்து, அந்தச் செலவையும் விலையில் ஏற்றி வைத்திருந்தேன்.

சாயங்காலம் வந்தார்கள். சின்ன வயசுத் தம்பதி, கையில் ஒரு குழந்தை. ஹாலைப் பார்த்தார்கள், கிச்சன் குழாயைத் திறந்து பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண் கேட்டாள், "மழைக்குத் தண்ணி நிக்குமா அங்கிள்?"

புரோக்கர் என்னைப் பார்த்தார். கதவோரம் நின்றுகொண்டு மகளும் பார்த்தாள்.

"2015 டிசம்பர்ல முட்டி வரைக்கும் நின்னுதும்மா. இதோ, இந்த உயரம்" என்று புது பெயின்ட்டில் கையை வைத்துக் காட்டினேன்.

யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். இன்னும் போன் வரவில்லை. புரோக்கர் நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. மகள் மட்டும் அடுத்த ஞாயிறும் படகு என்கிறாள்... இந்த முறை நீயும் மிதிக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டிருக்கிறேன்!