இழுத்தாலும் விடாத தையல்

பின்னலாடையில் அழகுக்காகப் போட்டது என்று நாம் நினைக்கும் தையல்களில் பெரும்பாலானவை துணியின் தேவையிலிருந்து வந்தவை. திருப்பூரில் பவர் டேபிள் எனப்படும் தையல் கூடங்களில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்த பிறகு இதை இன்னும் உறுதியாகச் சொல்வேன். நெசவுத் துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். சாதாரணத் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவே கோத்துக்கொண்டு ஏறக்குறைய நேராகக் கிடப்பதால், அது துணியோடு சேர்ந்து விரியாது. அந்தத் தையல் போட்ட கழுத்தைத் தலை வழியே இழுத்தால் நூல் அறுந்துவிடும்.

நூல் கணக்கைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ஒரு மீட்டர் சாதாரணத் தையலுக்குச் சுமார் 2.5 மீட்டர் நூல் போதும். துணியின் ஓரத்தைச் சுற்றிப் பின்னும் மூன்று நூல் ஓவர்லாக்குக்குச் சுமார் 14 மீட்டரும், இரண்டு ஊசி பேட்லாக்குக்குச் சுமார் 18 மீட்டரும் பிடிக்கும். கூடுதல் நூல் முழுவதும் வளைவு வளைவாகத் தையலுக்குள் படுத்திருந்து, துணி நீளும்போது தானும் நீள்கிறது. டீ-சர்ட்டின் கீழ்மடிப்பில் வெளியே தெரியும் இரட்டைக் கோடும், உள்ளே வலைபோல் ஓடும் பின்னலும் ஒரே பேட்லாக் தையலின் இரண்டு முகங்கள். துணிக்கு மாறான நிறத்தில் நூலைக் கோத்தால் அதுவே அலங்காரம். வீட்டு மிஷினின் ஜிக்ஜாக்கிலும், இரண்டு அடி முன்னே போய் ஒரு அடி பின்னே வரும் மூன்றடித் தையலிலும் இதே நியாயம்தான் இருக்கிறது.

துணியை இழுத்துப் பிடித்துச் சாதாரணத் தையலே போட்டால் என்ன என்று கேட்கலாம். தையல் தாங்கக்கூடும், ஆனால் விரிந்த நிலையிலேயே கண்ணிகள் பூட்டப்படுவதால் ஓரம் அலை அலையாக எழும். இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இப்படி நீளும் தையலை மிஷின்தானே போடுகிறது, இதில் டெய்லரின் திறமை எங்கே என்பது அது. ஆனால் மிஷினை அமைப்பதே ஒரு திறமை. பேட்லாக்கிலும் ஓவர்லாக்கிலும் ஊசிக்கு முன்னும் பின்னும் தனித்தனிப் பற்கள் துணியை நகர்த்துகின்றன. முன்பல்லை வேகமாக்கினால் அலை அடங்கும், அளவு மீறினால் சுருக்கம் விழும். மெல்லிய துணிக்குப் பொருந்திய அமைப்பு தடித்த துணிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு துணிக்கும் தைத்துப் பார்த்துத்தான் அமைக்க வேண்டும். கூர்முனை ஊசி கண்ணியையே அறுத்துவிடும், அந்த ஓட்டை துவைக்கத் துவைக்கப் பெரிதாகும். அதனால் முனை உருண்ட ஊசி வேண்டும்.

கழுத்துப் பட்டி வைக்கும் இடத்தில் கைத்திறன் கண்ணெதிரே தெரியும். ரிப் பட்டி கழுத்தின் சுற்றளவைவிடக் குறைவாக வெட்டப்பட்டிருக்கும். டெய்லரின் இடக்கை உடல் துணியை இழுக்காமல் நகர்த்த, வலக்கை பட்டியை மட்டும் ஒரே சீராக இழுத்துக் கொடுக்கிறது. தோள் மூட்டு வரும் இடத்தில் இழுப்பு சற்றே கூடினாலும் கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். இந்தச் சீரை டயலைத் திருப்பிப் பெற முடியாது; விரல்தான் துணியின் இழுவையை உணர வேண்டும்.

எனவே பேட்லாக், ஓவர்லாக் டெய்லர்களை மிஷினை ஓட்டுபவர்களாக மட்டும் மதிப்பது தவறு. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்குத் துணி மாறும்போது மிஷினைச் சரிசெய்து மாதிரி தைக்கும் நேரம் கூலியில்லாத நேரமாகிறது. விலைப் போட்டியில் அதற்கும் சேர்த்துக் கொடுக்க இயலாது என்பார்கள் முதலாளிகள். ஆனால் கோணிய கழுத்து செக்கிங்கில் திரும்பும். பிரித்துத் தைக்க நூலும் நேரமும் மறுபடி செலவாகும். அந்த நஷ்டத்தை முன்கூட்டியே தடுப்பது டெய்லரின் அந்த ஆயத்த வேலைதான். அதற்குத் தனியாகக் கூலி வைப்பது தொழில் கணக்கிலும் சரி, நியாயத்திலும் சரி.