சோலைமந்தியைத் தேடி

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாற்றைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பேருந்தில் நம்முடன் வந்த இளைஞர் எழுவரும் பத்தாம் வளைவு வரையில் உரக்க எண்ணினர், பின்னர் உறங்கிப்போயினர். எண்ணுவதைக் கற்றுக்கொள்ளவே அவர்கள் செல்கின்றனர் என்பதை நினைந்து நமக்குள் நகைத்துக்கொண்டோம்.

பிப்ரவரித் திங்களில், இயற்கைப் பாதுகாப்பு ஆய்வாளர் சிலர் வனத்துறையின் அனுமதியோடு நடத்திய ஆறு நாள் முகாம் அது. மழைக்காட்டில் விலங்குகளைக் கணக்கெடுக்கும் முறையைக் கற்பித்து, இறுதியில் தேர்வு வைத்து, தேறியவர்க்குச் சான்றிதழ் அளிப்பர். எழுவருள் ஒருவனுக்கு அது வெறும் தாளன்று. அவனுடைய தாய் பல்லாண்டுகள் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்து, இன்று நமது பங்கில் வாழ்பவர். சான்றிதழ் கிட்டினால் கள உதவியாளர் வேலைக்கு வழியுண்டு என்று அவனுக்குச் சொல்லியிருந்தனர். அவன் மட்டுமே நாற்பது வளைவுகளையும் விழித்திருந்து எண்ணியவன் என்று பிறகு அறிந்தோம்.

வால்பாறை மேட்டுநிலம் ஒரு காலத்தில் அடர்காடாய் இருந்தது. 1890-களில் தொடங்கித் தோட்டங்களுக்காக அது அழிக்கப்பட்டது. இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரும்பகுதி தேயிலை. இடையிடையே பழங்காடு துண்டு துண்டாய் நிற்கிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அத்துண்டுகளில்தான் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. சோலைமந்தி என்றும் அதற்குப் பெயர். கருமேனி, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால்நுனியில் சிங்கத்திற்குள்ளது போன்ற குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாய் வாழ்வதில்லை. எஞ்சியவை சுமார் 4,000 என மதிப்பிடுவர். மரக்கிளைகளிலேயே வாழப் பிறந்த அப்பிராணி, மரங்கள் தொடர்ந்து நில்லாத இடத்தில் தரையிறங்கிச் சாலையில் வண்டிகளுக்குப் பலியாகிறது. அதற்கெனவே புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்திற்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கின்றனர். தாய்மந்தி ஒன்று குட்டியை வயிற்றோடு அணைத்தவாறு அதன்வழியே கடந்ததை முதல் நாளே கண்டோம்.

கணக்கெடுக்கும் முறை கேட்பதற்கு எளிது. காட்டினூடே நேராக வகுத்த 2 கிலோமீட்டர் வழியில் விடியற்காலையில் மெல்ல நடக்கவேண்டும். பேசலாகாது. விலங்கைக் கண்டதும் நின்று, திசையையும் தூரத்தையும் கருவிகளால் அளந்து படிவத்தில் குறிக்கவேண்டும். அவற்றைக் கொண்டு, விலங்கு வழியிலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்று கணிப்பர். அண்மையில் உள்ளவை கண்ணுக்குத் தப்புவது அரிது; தொலைவு கூடக்கூடத் தப்புபவை மிகும். அது எந்த அளவில் மிகுகிறது என்பதிலிருந்து, காணாதவற்றையும் மதிப்பிடுவதே இக்கணக்கின் நுட்பம். 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நாடெங்கும் நடைபெறும் புலிக் கணக்கெடுப்பில், இரைவிலங்குகளை வனத்துறையினர் எண்ணுவதும் இம்முறையிலேயே.

ஆகவே விதிகள் கடுமையானவை. விலங்கு நம்மைக் கண்டு ஓடிச்சென்ற இடத்தையன்று, முதலில் நின்ற இடத்தையே குறிக்கவேண்டும். தூரத்தை ஊகித்து எழுதலாகாது. ஒன்றுமே காணாவிடில் சுழியம் என்று எழுதவேண்டும். வெற்றுத்தாள் வேறு, சுழியம் வேறு என்றார் பயிற்சியாளர். ஒப்புரவு அருட்சாதனத்திற்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகையில் நாம் கூறுவதை அவர் எங்கே கேட்டார் என்று வியந்தோம்.

நமக்கு முன்னே நடந்தவர் காடர் இனத்துப் பெரியவர் ஒருவர். ஆனைமலைக் காடுகளின் ஆதிக்குடிகள் அவர்கள். நாம் தொலைநோக்கியோடு கிளைகளைத் துழாவிக்கொண்டிருக்கையில் அவர் மெல்லச் சொன்னார்: “சாமி, அது உங்களப் பாத்தாச்சு. நீங்கதான் இன்னும் பாக்கல.”

மூன்றாம் நாள் இருவாச்சி வந்தது. காண்பதற்கு முன் கேட்டோம். தொலைவில் நீராவிப் புகைவண்டி மூச்சிரைப்பது போன்ற சிறகோசை. குருத்துவக் கல்லூரியில் பயின்ற இலத்தீன் அங்கே எதிர்பாராது கைகொடுத்தது. அறிவியலார் அதற்கிட்ட பெயரில் ‘பைகார்னிஸ்’ என்னும் சொல் உண்டு. இருகொம்புடையது என்பது பொருள். அலகின்மேல் மற்றோர் அலகு கவிழ்ந்தாற்போன்ற அமைப்பை அவர்கள் கொம்பென்றனர், தமிழர் வாயென்றனர். தமிழ்ப் பெயரே பொருத்தம் என்பது நமது தீர்ப்பு. முட்டையிடும் பருவத்தில் பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து, எச்சத்தாலும் உணவுச் சிதறலாலும் வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் பிளவு மட்டும் எஞ்சும். வாரக்கணக்கில் சேவலே அத்திப்பழம் முதலியவற்றைக் கொணர்ந்து ஊட்டும். அது வேடன் கையில் மாண்டால் உள்ளிருப்பவையும் பட்டினியால் மடிய நேரும். குடும்பத் தலைவர்களாகிய வாசக அன்பர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்கவேண்டியதில்லை.

ஆறாம் நாள் தேர்வு. நம் இளைஞனுக்குப் பின்னே பயிற்சியாளரும் நாமும் வாய்திறவாது நடந்தோம். இரண்டு மணி நேரத்தில் அவன் கண்டது மலையணில் ஒன்றே. பள்ளத்திலிருந்து மந்திகளின் குரல் தெளிவாகக் கேட்டது, கிளைகள் அசைந்தன, உருவம் ஒன்றும் புலப்படவில்லை. அவன் நெடுநேரம் நின்றான். வேலை அந்தப் படிவத்தில் இருந்தது. பின்னர் மந்தி என்னும் கட்டத்தில் சுழியம் இட்டு, குறிப்பில் ‘குரல் மட்டும், தென்கிழக்கு’ என்று எழுதினான். வேறொரு வழியில் சென்றவர் 14 மந்திகள் என்று எழுதியிருந்தனர். வினவியபோது, கண்ணால் கண்டவை ஆறு, மற்றவை இலையசைவு என்று தெரியவந்தது. பயிற்சியாளர் அந்த வரியை அடித்தார்.

அன்று மாலை முகாமின் உணவுமேசையே பீடமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தபின் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. எழுவரில் ஐவர் தேறினர், அவனும் ஒருவன். காடர் பெரியவருக்குச் சான்றிதழ் இல்லையோ என்று வினவினோம். அவர் ஆசிரியர் அல்லவா என்று விடை வந்தது. ஆசிரியருக்கும் ஒரு தாளும், கூலியில் சிறிது உயர்வும் தந்தால் குறையொன்றும் நேராது என்பது நமது எண்ணம். அதனைச் சொல்லியும் வந்தோம்.

இளைஞனுக்கு வேலை கிடைத்தது. ஒப்பந்தம் சில மாதங்களுக்கே, ஊதியமும் பெரிதன்று. அண்மையில் அவனிடமிருந்து செய்தி வந்தது. கூட்டமொன்றில் மூன்று குட்டிகள் புதிதாய்ப் பிறந்துள்ளனவாம். “மூணையும் கண்ணால பாத்துத்தான் எழுதினேன், சாமி” என்றிருந்தது.